தடுப்பூசிப் புத்தகத்தில் முதல் எழுத்து: டிஸ்டெம்பரின் கதை

நாய் வளர்க்கிற வீட்ல ஒரு சின்ன புத்தகம் இருக்கும். வெட் கிளினிக்ல முதல் தடவை போகும்போது கையில கொடுப்பாங்க. அட்டையில ஒரு கோல்டன் ரெட்ரீவர் சிரிச்சுக்கிட்டு இருக்கும். உள்ளே தேதி, டாக்டர் கையெழுத்து, மருந்துக் குப்பியில இருந்து உரிச்சு ஒட்டின ஒரு குட்டி ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரை எப்பவாவது உத்துப் பாத்திருக்கீங்களா? டி, எச், பி, பி-ஐ, எல், ஆர் அப்படின்னு வரிசையா எழுத்துகள் இருக்கும். நாம பார்க்கறது அடுத்த தேதி எப்போ, பில் எவ்வளவு, அவ்வளவுதான்.

ஒவ்வொரு எழுத்தும் ஒரு நோய். எச்-னா ஹெபடைடிஸ், எல்-னா எலிக்காய்ச்சல்னு நாம சொல்ற லெப்டோ, ஆர்-னா ரேபிஸ். இன்னிக்கு எபிசோட் பெரும்பாலும் முதல் எழுத்தைப் பத்தி. டி, டிஸ்டெம்பர். ஏன் இதை எடுத்தேன்னா, இந்த ஒரு ஊசிக்குப் பின்னாடி நாய் மேல உயிரையே வெச்சிருந்த மனுஷங்க, நாய்களை வெச்சே சோதனை பண்ணச் சொல்லி பணம் கொடுத்த கதை இருக்கு. அந்தச் சோதனையில இருந்துதான் நமக்கு வர்ற ஃப்ளூ காய்ச்சலுக்கான வைரஸும் பிடிபட்டுச்சு. அப்புறம், மூணாவது ஊசிக்கு ஏன் கட்டாயம் போகணும்ங்கிறதுக்கான பதிலும் இந்தக் கதைக்குள்ளதான் இருக்கு.

முதல்ல நோயைப் பத்தி. டிஸ்டெம்பர் வந்த குட்டிக்கு ஆரம்பத்துல சாதாரண சளி மாதிரிதான் தெரியும். காய்ச்சல், கண்ல பீளை, மூக்குல கெட்டியா ஒழுகல், இருமல். அப்புறம் வாந்தி, வயிற்றுப்போக்கு. சில நாய்களுக்குப் பாதத்தோட மெத்தை தடிச்சு, காய்ஞ்சு போயிடும். அதையும் தாண்டி வைரஸ் மூளைக்குப் போச்சுன்னா ஒரு கால் மட்டும் தாளம் போடற மாதிரி விடாம துடிக்கும், சூயிங் கம் மெல்ற மாதிரி வாய் தானா அசையும், வலிப்பு வரும். நல்லா ஆயிடுச்சுன்னு வீட்ல எல்லாரும் நிம்மதியா இருக்கும்போது, சில வாரம் கழிச்சு இந்த நரம்புக் கட்டம் தொடங்கறதும் உண்டு. குட்டியில வந்து பிழைச்ச நாய்களோட பல்லைப் பார்த்தே சில டாக்டர்கள் சொல்லிடுவாங்க. பல் முளைக்கிற காலத்துல நோய் வந்திருந்தா எனாமல் சரியா உருவாகாம பள்ளம் பள்ளமா, பழுப்பா இருக்கும்.

இந்த வைரஸைக் கொல்ல இன்னிக்கும் தனியா ஒரு மருந்து கிடையாது. நீர்ச்சத்து குறையாம பார்த்துக்கறது, வலிப்பை அடக்கறது, கூட வர்ற பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கறது, காத்திருக்கறது. 2020-களிலும் இதுதான் சிகிச்சை.

இது ஆதிகாலத்து நோய்னு நினைச்சா, ஐரோப்பாவைப் பொறுத்தவரை அப்படி இல்லை. 1760-கள் வாக்கில் ஸ்பெயினிலும், அதைத் தொடர்ந்து இங்கிலாந்து, இத்தாலி, ரஷ்யா என்று மற்ற நாடுகளிலும் நாய்கள் கூட்டம் கூட்டமாகச் செத்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. தென் அமெரிக்காவில் இருந்து கப்பலில் வந்திருக்கலாம் என்ற கருத்து அப்போதே இருந்தது. இன்றைய ஆய்வாளர்கள் சிலரும் அந்தப் பக்கம்தான் சாய்கிறார்கள். மனிதர்களுக்கு வரும் தட்டம்மை வைரஸும் இதுவும் நெருங்கிய சொந்தம். மாடுகளுக்கு வந்த ரிண்டர்பெஸ்ட், அதாவது வெக்கை நோய், இன்னொரு சொந்தம். அது 2011-ல் உலகத்தில் இருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. மூணு பேர்ல ஒருத்தர் காலி, மிச்சம் ரெண்டு பேர் நம்ம கூடவே இருக்காங்க.

பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்டுபிடிச்ச எட்வர்ட் ஜென்னர் பேரை ஸ்கூல்ல படிச்சிருப்போம். அதே ஜென்னர் 1809-ல் நாய் டிஸ்டெம்பரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் கவனித்தது பெர்க்லி பிரபுவோட நரிவேட்டை நாய்களை. இங்கே ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். அந்தக் காலத்து இங்கிலாந்துல பணக்காரங்க நரிவேட்டைக்காக டஜன் கணக்குல நாய்களை ஒரே கொட்டில்ல வளர்ப்பாங்க. தலைமுறை தலைமுறையா வம்சாவளி பார்த்து வளர்க்கற நாய்கள். ஒரு குட்டிக்கு டிஸ்டெம்பர் வந்தா அந்த வருஷத்துக் குட்டிகள்ல பாதி போயிடும். நம்ம ஊட்டியிலயும் வெள்ளைக்காரங்க இதே மாதிரி ஒரு வேட்டைச் சங்கம் வெச்சிருந்தாங்க. இங்கிலாந்துல இருந்து நாய்களைக் கப்பல்ல இறக்கி, நரி கிடைக்கலைன்னு குள்ளநரியைத் துரத்தினாங்க. அது தனி எபிசோடுக்கான சமாச்சாரம்.

ஆக, இந்த நோய்னால அடி வாங்கினது செல்வாக்கு உள்ள ஆட்கள். அதை ஞாபகம் வெச்சுக்குங்க.

1905-ல் ஹென்றி காரே என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் ஒரு எளிமையான சோதனை செய்தார். நோய் வந்த நாயின் மூக்குச் சளியை எடுத்து, பாக்டீரியா நுழைய முடியாத மிக நுண்ணிய வடிகட்டி வழியாகச் செலுத்தினார். வடிந்து வந்த தெளிவான திரவத்தை ஆரோக்கியமான நாய்க்குக் கொடுத்தார். அந்த நாய்க்கும் நோய் வந்தது. அப்படின்னா காரணம் பாக்டீரியா இல்லை, அதைவிடச் சின்ன ஏதோ ஒண்ணு. வைரஸ் எப்படி இருக்கும்னு யாருமே கண்ணால பார்க்காத காலம் அது.

ஆனா நிறைய பேர் நம்பலை. சில வருஷம் கழிச்சு வேற ஆய்வாளர்கள் நோயாளி நாய்களோட மூச்சுக்குழாயில ஒரு பாக்டீரியாவைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடிச்சாங்க. கண்ணாடித் தட்டுல வளர்த்துக் காட்ட முடிஞ்சது, மைக்ரோஸ்கோப்புல பார்க்க முடிஞ்சது. "இதோ குற்றவாளி" அப்படின்னாங்க. அந்த பாக்டீரியாவுக்கு எதிரா ஊசி தயாரிச்சு வித்தாங்க. போட்டுக்கிட்ட நாய்களும் செத்துச்சு. உண்மையில டிஸ்டெம்பர் உடம்போட எதிர்ப்பு சக்தியைக் குலைச்ச பிறகு, திறந்த வீட்டுக்குள்ள புகுந்த ரெண்டாவது திருடன்தான் அந்த பாக்டீரியா. நாய் விடுதிகள்ல பரவற இருமலுக்கு இன்னிக்கும் ஒரு காரணமா இருக்கறது அதுதான். இப்படி 1920-கள் வரைக்கும் இந்தச் சண்டை ஓடிக்கிட்டே இருந்தது.

இப்போ லண்டனுக்கு வருவோம். 1903-ல் அங்கே ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் பேலிஸ் என்ற உடலியல் பேராசிரியர், மாணவர்கள் முன்னாடி ஒரு பழுப்பு நிற நாயை அறுத்துப் பாடம் எடுத்தார். பார்வையாளர் வரிசையில் இருந்த ரெண்டு ஸ்வீடன் பெண்கள், நாய்க்குச் சரியா மயக்க மருந்து கொடுக்கலைன்னு எழுதினாங்க. வழக்கு நடந்தது, தீர்ப்பு பேலிஸ் பக்கம். ஆனா மக்கள் மனசு அப்படியே இல்லை. 1906-ல் பேட்டர்சீ பகுதியில் அந்த நாய்க்கு ஒரு வெண்கலச் சிலை வெச்சாங்க. மருத்துவ மாணவர்கள் சிலையை உடைக்கப் போனாங்க, 1907-ல் தெருவில் கலவரம். சிலைக்கு போலீஸ் காவல். கடைசியில் 1910-ல் ராத்திரியோட ராத்திரியா சிலையை அப்புறப்படுத்தினாங்க. நாயை வெச்சு சோதனையே பண்ணக்கூடாதுன்னு பிரிட்டிஷ் பார்லிமெண்ட்ல மசோதா மேல மசோதா வந்துக்கிட்டே இருந்த காலம் இது.

இன்னொரு பக்கம், 1918-ன் பெரும் ஃப்ளூ முடிஞ்சிருக்கு. கோடிக்கணக்கான பேர் செத்தாச்சு. எதனால செத்தாங்கன்னு மருத்துவத்துக்குத் தெரியலை. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், வைரஸ்களைப் பற்றி ஆராயணும்னு துடிச்சது. அதன் செயலாளர் வால்டர் ஃப்ளெட்சர் ஒரு கெட்டிக்காரர். டிஸ்டெம்பர் ஃப்ளூ மாதிரியே மூச்சு வழியா பரவுது, ஃப்ளூ மாதிரியே பின்னாடி நிமோனியா வருது. இதைப் புரிஞ்சுக்கிட்டா அதைப் புரிஞ்சுக்கலாம். ஆனா அதுக்கு நாய்கள் வேணும். நாய் மேல கை வெச்சா ஊர் கொந்தளிக்கும்.

அப்போதான் தி ஃபீல்ட் என்ற பத்திரிகை உள்ளே வருது. வேட்டை, மீன்பிடிப்பு, நாய், குதிரைன்னு கிராமத்துப் பணக்காரங்க படிக்கிற வாரப் பத்திரிகை. 1923-ல் அது ஒரு டிஸ்டெம்பர் நிதியைத் தொடங்கியது. வாசகர்களே, உங்க நாய்களைக் காப்பாத்தணுமா, பணம் அனுப்புங்கன்னு கேட்டாங்க. பிரபுக்கள், வேட்டைச் சங்கங்கள், ஸ்பேனியல் வளர்க்கறவங்க எல்லாரும் அனுப்பினாங்க. அந்தப் பணம் நேரா மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலோட ஆய்வுக்குப் போச்சு. ஃப்ளெட்சருக்கு ரெட்டை லாபம்: ஆய்வுக்குப் பணமும் வந்தது, "நாய்ப் பிரியர்களே எங்க பக்கம்"னு சொல்லிக்கற வாய்ப்பும் வந்தது.

இதை வெறும் தந்திரம்னு ஒதுக்கிட எனக்கு மனசு வரலை. பணம் அனுப்பினவங்க தங்கள் கண்ணு முன்னாடி குட்டிகள் துடிச்சு சாகறதைப் பார்த்தவங்க. சிலைக்கு மாலை போட்டவங்களும் நாயை நேசிச்சவங்கதான். ரெண்டு தரப்புக்கும் கேள்வி ஒண்ணுதான்: இன்னிக்கு இந்த நாய், நாளைக்கு அந்த நாய், எதைக் காப்பாத்தறது? எதிர்ப்பு சொன்னவங்க கத்தினதாலதான் சோதனைக்கூடங்கள் மேல கண்காணிப்பு இருந்துச்சுங்கறதையும் சேர்த்தே சொல்லணும்.

லண்டனுக்கு வெளியே மில் ஹில்லில் கவுன்சிலுக்கு ஒரு பண்ணை இருந்தது. அங்கே வேலையைக் கையில் எடுத்தவர்கள் ரெண்டு பேர். பேட்ரிக் லெய்ட்லா, மருத்துவம் படிச்ச ஆய்வாளர். ஜார்ஜ் டங்கின், கால்நடை மருத்துவர்.

முதல் சிக்கலே நாய் கிடைக்காததுதான். ஊர்ல நாய் நிறைய இருந்துச்சு, ஆனா சோதனைக்கு ஆகற நாய் இல்லை. டிஸ்டெம்பர் அவ்வளவு பரவலா இருந்ததால வெளியில வாங்கற நாய் ஏற்கெனவே நோய் வந்து பிழைச்சதா இருக்கும், இல்லேன்னா உடம்புக்குள்ள நோயோடவே வந்து சேரும். ஊசி போட்ட பிறகு உயிரோட இருந்தா அது ஊசியாலயா, பழைய எதிர்ப்பு சக்தியாலயான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? அதனால வெளியுலகத்தோட சம்பந்தமே இல்லாத ஒரு வேலி போட்ட கொட்டிலைக் கட்டி, அதுக்குள்ளேயே நாய்களைப் பெருக்கினாங்க. உள்ளே போற பணியாளர் குளிச்சு, துணி மாத்தித்தான் போகணும். கொரோனா காலத்துல நாம மளிகைப் பையைத் துடைச்சோமே, அந்த மாதிரி, ஆனா வருஷக் கணக்குல.

ரெண்டாவது, ஃபெரெட். கீரி மாதிரி நீளமான உடம்பு, குட்டைக் கால். முயல் வேட்டைக்காக இங்கிலாந்து கிராமங்கள்ல வளர்க்கற பிராணி. நாய்க்கு டிஸ்டெம்பர் வந்தா பக்கத்துல இருக்கற ஃபெரெட்டும் சாகும்னு வேட்டைக்காரங்களுக்கு நல்லாவே தெரியும். லெய்ட்லாவும் டங்கினும் அந்த நாட்டுப்புற அறிவைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஃபெரெட் சின்னது, தனித்தனிக் கூண்டுல வெச்சுக்கலாம். வைரஸ் உள்ளே போனா கிட்டத்தட்ட தப்பாம நோய் வரும். நாய்களுக்குப் பதிலா நிறைய சோதனைகளை ஃபெரெட் தாங்கிக்கிச்சு. தாங்கிக்கிச்சுன்னு நான் சுலபமா சொல்லிட்டேன். அதுக்கு சிலை யாரும் வைக்கலை.

1926-க்கும் 1928-க்கும் நடுவில் அவங்க வெளியிட்ட கட்டுரைகள் சண்டையை முடிச்சு வெச்சது. காரே சொன்னதுதான் சரி, இது வைரஸ். அதோட ஒரு தடுப்பு முறையும் வந்தது: நோய்ப்பட்ட உறுப்பில் இருந்து எடுத்த வைரஸை ஃபார்மலின் போட்டுச் செயலிழக்கச் செய்து முதல் ஊசி, கொஞ்ச நாள் இடைவெளி விட்டு, உயிருள்ள வைரஸ் சிறிதளவு ரெண்டாவது ஊசி. வேட்டை நாய்க் கூட்டங்கள்ல போட்டுப் பார்த்தாங்க, பலன் தெரிஞ்சது. ஆனா உயிருள்ள வைரஸைக் கொடுக்கறது கத்தி மேல நடக்கற வேலை. சில நாய்களுக்கு ஊசியே நோயைக் கொடுத்துச்சு. பின்னாடி வந்தவங்க அதே வைரஸை ஃபெரெட்டிலும், கோழி முட்டைக் கருவிலும் திரும்பத் திரும்ப வளர்த்து, அதோட கோபத்தைக் குறைச்சாங்க. இன்னிக்கு நம்ம நாய்க்குப் போடறது பெரும்பாலும் அந்தப் பாதையில வந்த வலுவிழந்த வைரஸ்தான்.

இப்போ 1933. லண்டன்ல ஃப்ளூ. அதே ஆய்வுக்குழுவில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டஃபர் ஆண்ட்ரூஸ், கூடவே நம்ம லெய்ட்லா. நோயாளிகளோட தொண்டையைக் கொப்பளிச்ச தண்ணியை வடிகட்டி, மில் ஹில் ஃபெரெட்டுகளோட மூக்குல விட்டாங்க. ஃபெரெட்டுகளுக்குக் காய்ச்சல் வந்து தும்ம ஆரம்பிச்சது. மனுஷங்களோட ஃப்ளூ வைரஸ் முதல் முறையா பிடிபட்டது இப்படித்தான். பின்னாடி ஒரு ஃபெரெட் நேரா ஒரு ஆய்வாளர் முகத்துலயே தும்மி, அவருக்கு ஃப்ளூ வந்து, அதுவும் 1936-ல் ஆய்வுக்கட்டுரை ஆச்சு! உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு வருஷமும் ஃப்ளூ ஊசியில எந்த ரகத்தைச் சேர்க்கணும்னு முடிவு பண்றதுக்கு இன்னிக்கும் ஃபெரெட்டோட ரத்தத்துல உருவாகற எதிர்ப்பொருளை வெச்சுத்தான் ஒப்பிடறாங்க. நாய்க்குட்டிக்காக வசூல் பண்ண காசு எங்கே போய் நிக்குது பாருங்க.

சரி, ஊசி வந்தாச்சு. அப்புறமும் ஊசி போட்ட குட்டிகள்ல சிலது செத்துக்கிட்டே இருந்தது. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

சீம்பால் தெரியும்ல? கன்னு போட்ட மாட்டோட முதல் பால். நாய்க்கும் அது உண்டு. பிறந்த முதல் நாள் குட்டி குடிக்கிற அந்தப் பால் வழியா, தாயோட ரத்தத்துல இருக்கற எதிர்ப்பொருள்கள் குட்டிக்குப் போகுது. அதுதான் ஆரம்ப வாரங்களுக்குக் கவசம். பிரச்சினை என்னன்னா, அந்தக் கவசத்துக்கு நோய் வைரஸ் யாரு, ஊசி வைரஸ் யாருன்னு வித்தியாசம் தெரியாது. ஊசியில வர்ற வலுவிழந்த வைரஸையும் எதிரின்னு நினைச்சு அழிச்சுடும். குட்டியோட உடம்பு எதையும் கத்துக்காது. ஸ்டிக்கர் ஒட்டியாச்சு, பில் கட்டியாச்சு, பாதுகாப்பு மட்டும் இல்லை.

1959-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பேக்கர் தலைமையிலான குழு இதை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டியது. தாய் நாயோட ரத்தத்தில் டிஸ்டெம்பர் எதிர்ப்பொருள் எவ்வளவுன்னு அளந்தா, அதோட குட்டிகளுக்கு எத்தனாவது நாள் ஊசி வேலை செய்யும்னு முன்கூட்டியே சொல்லலாம். தாய் கொடுத்த எதிர்ப்பொருள் சுமார் 8 முதல் 10 நாளைக்கு ஒரு தடவை பாதியாகுது.

நாமளே போட்டுப் பார்க்கலாம். 9 நாளைக்கு ஒரு தடவை பாதின்னு வெச்சுக்குவோம். அளவு 5-க்கு இறங்கினாதான் ஊசி பிடிக்கும்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். ஒரு குட்டிக்குப் பிறக்கும்போது 80 கிடைச்சிருக்கு: 40, 20, 10, 5. நாலு தடவை பாதியாச்சு, 36-வது நாள் தயார். இன்னொரு குட்டி, நல்லா தடுப்பூசி போட்ட தாய்க்குப் பிறந்தது, 640-ல் தொடங்குது. அது 5-க்கு வர 63 நாள் ஆகும். 2560-ல் தொடங்கின குட்டிக்கு 81 நாள். மூணையும் 45-வது நாள் கொண்டு போய் ஊசி போட்டா, ஒண்ணுக்குத்தான் அது ஊசி. மத்த ரெண்டுக்கும் குத்தின வலி மட்டும்தான்.

இன்னும் ஒரு சங்கடம் இருக்கு. கவசம் கரைஞ்சுக்கிட்டே வரும்போது ஒரு கட்டம் வரும்: தெருவுல இருக்கற முரட்டு வைரஸைத் தடுக்கற அளவுக்குப் பலம் இல்லை, ஆனா ஊசியில இருக்கற சாது வைரஸை அழிக்கற அளவுக்கு மிச்சம் இருக்கு. அந்த இடைவெளியிலதான் "ஊசி போட்டும் செத்துப்போச்சு"ங்கற குட்டிகள் போகுது. எந்தக் குட்டிக்கு எப்போ அந்த இடைவெளின்னு வெளியில இருந்து தெரியாது. அதனாலதான் 6-லிருந்து 8 வாரத்துல ஆரம்பிச்சு, 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் ஆகற வரைக்கும், இல்லேன்னா அதையும் தாண்டிப் போடச் சொல்றாங்க. இதை "பூஸ்டர்"னு சொல்லிச் சொல்லி, முதல் ஊசியே போதும், மத்ததெல்லாம் கூடுதல் பலத்துக்குன்னு நாம நினைச்சுக்கிட்டோம். அந்த வார்த்தைதான் குழப்பத்துக்குக் காரணம்னு எனக்குத் தோணுது. ஒவ்வொரு ஊசியும் கதவைத் தட்டிப் பார்க்கறது. எந்தத் தட்டலுக்குக் கதவு திறந்ததுன்னு தெரியாததால கடைசித் தட்டல் வரைக்கும் போகணும். 16 வாரத்துல போடற அந்த ஊசியைத்தான் ரொம்ப பேர் விட்டுடறாங்க.

இந்தக் கணக்கு ரொம்ப மோசமா சோதிக்கப்பட்டது 1978-ல். அந்த வருஷம் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஜப்பான்னு கிட்டத்தட்ட ஒரே நேரத்துல நாய்கள் ரத்தமா கழிஞ்சு, வாந்தி எடுத்து சாக ஆரம்பிச்சது. புது வைரஸ். பார்வோ. ஸ்டிக்கர்ல இருக்கற அந்த பி. பூனைகளுக்கு வர்ற ஒரு பழைய வைரஸோட நெருங்கின சொந்தம் அது. அந்தக் குடும்பத்துல இருந்து மிகச் சில மாற்றங்களோட நாய் உடம்புக்குள்ள நுழையக் கத்துக்கிட்டது. உலகத்துல எந்த நாய்க்கும் அதுக்கு எதிர்ப்பு இல்லை. ஊசியும் இல்லை. டாக்டர்கள் வேற வழியில்லாம பூனைக்குப் போடற ஊசியை எடுத்து நாய்க்குப் போட்டாங்க. ஓரளவு காப்பாத்தவும் செஞ்சது. கார்னெல்ல லேலண்ட் கார்மைக்கேலும் மேக்ஸ் ஆப்பெலும் நாய்க்கான ஊசியை ஓரிரு வருஷத்துல உருவாக்கினாங்க. டிஸ்டெம்பருக்கு ஜென்னர் கட்டுரையில இருந்து ஊசி வர 100 வருஷத்துக்கு மேல ஆச்சு. பார்வோவுக்கு ரெண்டே வருஷம். மில் ஹில்லும் அந்த 1959 கணக்கும் இல்லாம இந்த வேகம் வந்திருக்காது.

நம்ம ஊருக்கு வர அதுக்கு ரொம்ப நாள் ஆகலை. 1980-களோட தொடக்கத்திலேயே சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் இங்கே பார்வோவைக் கண்டறிஞ்சு எழுதியிருக்காங்க. 1903-ல் வேப்பேரியில் அந்தக் கல்லூரி தொடங்கினபோது குதிரையும் மாடும்தான் முக்கியம். இன்னிக்கு அங்கே காலையில போனீங்கன்னா துண்டுல சுத்தின நாய்க்குட்டியோட வரிசையில நிக்கிற பசங்களைப் பார்க்கலாம்.

ரெண்டு வைரஸுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கு, வீட்ல உதவும். டிஸ்டெம்பர் வைரஸுக்கு மேல கொழுப்பு உறை இருக்கு, சோப்புக்கே செத்துடும், வெயில் தாங்காது. பார்வோவுக்கு உறை கிடையாது. தரையில, மண்ணுல மாசக்கணக்கா, சமயத்துல ஒரு வருஷம்கூட இருக்கும். ஹேண்ட் சானிடைசர் அதை ஒண்ணும் பண்ணாது. பிளீச்சிங் கரைசல்தான் வேலை செய்யும், அதுவும் முதல்ல அழுக்கைக் கழுவிட்டு ஊத்தி பத்து நிமிஷம் விட்டாதான். பார்வோவுல ஒரு குட்டி போன வீட்டுக்கு, துக்கம் தாங்காம அடுத்த வாரமே இன்னொரு குட்டியைக் கொண்டு வர்றாங்க. புரியுது. ஆனா வைரஸ் இன்னும் பால்கனியிலதான் இருக்கு. ஊசி கோர்ஸ் முழுசா முடிஞ்ச நாயா இருந்தா வேற விஷயம்.

போன தடவை நாய்களைப் பத்திப் பேசினப்போ சில பேர் கேட்டிருந்தாங்க, "நாட்டு நாய்க்கு எதிர்ப்பு சக்தி அதிகம், ஊசியெல்லாம் தேவையில்லைன்னு சொல்றாங்களே?" தெருவுல நாம பார்க்கற பெரிய நாய், பிழைச்சு வந்த நாய். அதோட கூடப் பிறந்ததுங்க எங்கேன்னு யாரும் கேக்கறதில்லை. மழைக்காலம் முடிஞ்சு தெருவுல ஆறு குட்டி ஓடும், பொங்கலுக்கு ஒண்ணு நிக்கும். பைக், பசி, பார்வோ, டிஸ்டெம்பர் எல்லாம் சேர்ந்து எடுத்துக்கிட்டது போக மிச்சம் அது. தெருவுல இருந்து குட்டியைத் தூக்கிட்டு வர்றவங்க, அது தாயோட சீம்பால் குடிச்சுதா, தாய்க்கு ஊசி உண்டான்னு எதுவும் தெரியாத குட்டியைத்தான் தூக்கிட்டு வர்றாங்க. அதுக்குத்தான் இந்த அட்டவணை இன்னும் கறாரா வேணும்.

வீட்டு நாயோட எல்லை வீட்டோட முடியறதும் இல்லை. 1994-ல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் சுமார் 1,000 சிங்கங்கள், அங்கிருந்ததில் மூன்றில் ஒரு பங்கு, டிஸ்டெம்பரில் செத்தன. சுத்தியிருந்த கிராமங்களோட நாய்கள்கிட்ட இருந்து போன வைரஸ்னு ஆய்வுகள் சொல்லுது. 2018-ல் நம்ம குஜராத் கிர் காட்டுல சிங்கங்கள் வரிசையா செத்தப்பவும் அதே பேர் அடிபட்டது. அமெரிக்காவுல இருந்து ஊசி வரவழைச்சாங்க.

கடைசியா நடைமுறைக் கேள்விகள், வேகமா. 16 வாரம் வரைக்கும் குட்டியை வீட்டுக்குள்ளேயே அடைச்சு வைக்கணுமா? தேவையில்லை. கையில தூக்கிட்டு மொட்டை மாடி, கடைத்தெரு, ஆட்டோ, ஹாரன் சத்தம் எல்லாம் காட்டுங்க. உலகத்தைப் பார்த்துப் பழக அந்த வயசுதான் சரியான வயசு. நாய்கள் கழிச்சுப் போற பார்க்ல, தெருவோரத் தரையில இறக்கி விடாதீங்க, அவ்வளவுதான். கிளினிக்ல காத்திருக்கும்போதும் மடியிலயே வெச்சுக்குங்க. வித்தவர் "ரெண்டு ஊசி போட்டாச்சு"ன்னு சொன்னா ஸ்டிக்கரைக் கேளுங்க, தேதியைப் பாருங்க, அந்தத் தேதியில குட்டிக்கு எத்தனை வாரம்னு எண்ணுங்க. ஸ்டிக்கர் இல்லேன்னா ஊசி இல்லைன்னே டாக்டர்கிட்ட சொல்லி முதல்ல இருந்து ஆரம்பிங்க. குட்டி சோர்ந்து, சாப்பிடாம, வாந்தியோட இருந்தா தயிர்சாதம் கொடுத்து ஒரு நாள் பார்க்கலாம்னு இருக்காதீங்க. பார்வோவுல அந்த ஒரு நாள்தான் பிழைக்கறதுக்கும் போறதுக்கும் நடுவுல இருக்கு. நேரத்துக்கு டிரிப்ஸ் ஏத்தினா பெரும்பாலான குட்டிகள் எழுந்து நிக்குது. வளர்ந்த நாய்க்கு வருஷா வருஷம் எல்லாம் போடணுமான்னா, எழுத்துக்கு எழுத்து மாறும். டிஸ்டெம்பர், பார்வோ பாதுகாப்பு ஒரு தடவை நல்லா பிடிச்சுட்டா பல வருஷம் இருக்கும். லெப்டோ வருஷத்துக்கு மேல நம்ப முடியாது. உங்க டாக்டர்கிட்ட இதை நேரா கேளுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க.

ஆர் பத்தி நான் வேணும்னே பேசலை. ரேபிஸுக்கு குன்னூர்ல 1907-ல் இருந்தே ஒரு கதை இருக்கு. செம்மறி ஆட்டு மூளை, தொப்புளைச் சுத்திப் போட்ட ஊசிகள், எல்லாம் அதுல வருது. அடுத்த எபிசோட் அதுதான்.